தாட்சியின் மைந்தர் பாணினி

இலக்கண வகுப்பென்றால் நம்மில் பலருக்கு அச்சம். ஆனால் கணிப்பொறி மொழிகளின் வரலாற்றிலும் ஓர் இலக்கண ஆசிரியரையே நாம் சந்திக்கிறோம்.

சிந்து நதிக்கு அருகே சலாதுரம் என்னும் ஊரில், சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் பாணினி. தாயின் பெயரால் தாட்சியின் மகன் என்றும் அழைக்கப்பெற்றார். வடமொழி இலக்கணத்தை எட்டு அத்தியாயங்களில், ஏறத்தாழ 4,000 சூத்திரங்களாகச் சுருக்கினார். இரு விதிகள் மோதினால் எது வெல்லும் என்பதற்கும் விதி வகுத்தார்.

கணிப்பொறிக்கு எழுதும் கட்டளையிலும் இருபொருளுக்கு இடமில்லை. அம்மொழிகளின் இலக்கணத்தை எழுத 1959-இல் ஜான் பாக்கஸ் ஒரு குறியீட்டு முறை அமைத்தார். பாணினியின் முறையை அது ஒத்திருப்பதால், பாணினியின் பெயரையும் அதற்குச் சேர்த்துச் சூட்டலாமென 1967-இல் இங்கர்மன் என்னும் அறிஞர் முன்மொழிந்தார்.

தோழியரே, பூவத்தில் நாம் படிக்கும் இலக்கணமும் வீணன்று. ஐயமறச் சொல்லப் பழகுவோம்.