நூலகத் தந்தை அரங்கநாதன்

அலமாரியில் ஆயிரம் நூல்கள் பூட்டிக் கிடந்தாலும், படிப்பார் இல்லையேல் அவற்றால் விளையும் பயன் யாது? நூல்கள் மக்களுக்குப் பயன்படவே தோன்றின என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் சீ. இரா. அரங்கநாதன். இவர் இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இவர் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். பேசுங்கால் நாத் திக்கும் குறையும் இவருக்கு இருந்தது. எனினும் ஊக்கம் தளராது கணிதம் பயின்று கல்லூரி ஆசிரியரானார்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் இவரைத் தன் முதல் நூலகராக அமர்த்தியது. மாணவரிடையே வாழ்ந்து பழகியவருக்கு அந்நூலகத்தின் தனிமை பொறுக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்ப விழைந்தார். ஆயினும் பயிற்சியின் பொருட்டு அவ்வாண்டே இலண்டன் சென்றார். அங்கே தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் வேறுபாடின்றிப் பொது நூலகங்களைப் பயன்படுத்தக் கண்டார். தாய்நாட்டு எளியோர்க்கும் இப்பேறு வாய்க்க வேண்டுமென உறுதி பூண்டார்.

1925இல் நாடு திரும்பியதும், வாசகர் தாமே நூல்களைத் தேடி எடுக்குமாறு அலமாரிகளைத் திறந்துவிட்டார். நூலகத்துக்குரிய ஐந்து விதிகளை வகுத்து, 1931இல் நூலாக வெளியிட்டார்.

பகலெல்லாம் வயலில் உழைக்கும் உழவர் பட்டணத்து நூலகத்துக்கு எங்ஙனம் வருவர்? வாசகர் வர இயலாவிடில் நூலகமே அவரிடம் செல்ல வேண்டும் அன்றோ? மன்னார்குடிப் பொறியாளர் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியிலேயே ஒரு நூலகம் அமைத்தார். 1931 அக்டோபரில் மேலவாசல் சிற்றூரில் அதனை அரங்கநாதன் தொடங்கி வைத்தார். நூல்கள் ஏறிய வண்டியைக் காளைகள் ஊர் ஊராய் இழுத்துச் சென்றன. இலண்டனில் கண்ட கருத்து, தஞ்சை மண்ணுக்கேற்ற வடிவம் பெற்றது. எழுத்தறியாதவர்க்குப் பிறர் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் அரங்கநாதனின் கொள்கையாகும்.

அவரது இடையறா முயற்சியின் பயனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. நூலகங்களை நடத்த மக்களிடமிருந்து சிறு வரி திரட்ட அது வழிசெய்தது. தாம் சேர்த்த பொருளில் ஓர் இலட்சம் ரூபாயை, நூலகக் கல்வி வளரச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே அவர் வழங்கினார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! நம் மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் பால்மரத்தடியிலும் செம்பனை நிழலிலும் உழைத்துக் களைத்து வரும் பெற்றோர், நூலகம் தேடிப் பட்டணம் செல்லுதல் எளிதன்று. பள்ளி நூலகத்திலிருந்து நீங்கள் இல்லத்துக்குக் கொண்டு செல்லும் ஒரு நூலே அவர்களை நாடிச் செல்லும் நூலகமாகும். இரவு உணவுக்குப் பின் அதனை உரக்கப் படியுங்கள். எழுத்தறியாத பாட்டியும் கேட்டு மகிழட்டும். மன்னார்குடி வண்டி செய்த தொண்டை நம் தோட்டத்தில் உங்கள் புத்தகப் பையே செய்யும்.