இலங்கையில் சிறையிருந்த ஷெய்க் யூசுப்

பாமன்கடையிலிருந்து ஹெவ்லொக் வீதி வழியே திம்பிரிகஸ்யாய பக்கம் செல்வோருக்கு ஜாவத்தை என்ற பெயர் புதிதன்று. கொழும்பு முஸ்லிம்களுள் பலர் தம் உறவினரை அங்குள்ள மையவாடியில் நல்லடக்கம் செய்தவர்களே. சிங்களத்தில் மலாயரை 'ஜா' என்பர். ஜாவத்தை என்றால் ஜாவகரின் தோட்டம். கொம்பனித்தெருவின் ஜாவா லேனும் வடக்கே சாவகச்சேரியும் அதே பெயரை நினைவூட்டுகின்றன. இப்பெயர்களை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். ஆனால், அத்தீவுகளிலிருந்து ஒல்லாந்தரால் இங்கு நாடுகடத்தப்பட்டோருள் தலைசிறந்தவரான ஷெய்க் யூசுப் அல் மக்காஸரியின் பெயர் எமது வாசகருள் எத்தனை பேருக்குப் பரிச்சயமானது?

அவர் ஜாவாவில் பிறந்தவரல்லர். செலிபிஸ் தீவில், அதாவது இன்றைய சுலவேசியில், மக்காஸரைத் துறைமுகமாகக் கொண்ட கோவா இராச்சியத்தில் 1626ஆம் ஆண்டு பிறந்தார். (இது போர்த்துக்கேயரின் இந்தியக் கோவாவன்று.) அவர் பிறப்பதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்னரே அவ்வரசு இஸ்லாத்தைத் தழுவியிருந்தது. 1644இல், பதினெட்டு வயதில், அறிவு தேடிக் கப்பலேறினார். முதலில் மேற்கு ஜாவாவின் பாந்தன் நகரை அடைந்து, அங்கு பட்டத்து இளவரசருடன் நட்புக்கொண்டார். பின்னர் யெமன், மக்கா, மதீனா, டமஸ்கஸ் எனப் பல இடங்களில் ஆண்டுக்கணக்கில் பயின்றார். ஹதீஸ், பிக்ஹு, தஸவ்வுப் அனைத்திலும் தேர்ச்சி பெற்று, கல்வத்திய்யா தரீக்காவில் 'தாஜ்' என்ற பட்டமும் பெற்றார். அவர் திரும்பியபோது இளவயது நண்பர் சுல்தான் அகெங் திர்த்தயாசாவாகப் பாந்தனை ஆண்டுகொண்டிருந்தார். பிறந்த மண்ணோ ஒல்லாந்தரிடம் வீழ்ந்துகொண்டிருந்தது. 1667இன் பொங்காயா உடன்படிக்கையுடன் மக்காஸரின் சுதந்திர வணிகம் முடிவுக்கு வந்தது. யூசுப் பாந்தனிலேயே தங்கினார். சுல்தானின் மகளை மணந்து அரசவையின் மார்க்க வழிகாட்டியானார்.

பாந்தனின் செல்வம் மிளகு. ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் எவரும் வந்து வாங்கலாம் என்பது சுல்தான் அகெங்கின் கொள்கை. அருகே பத்தாவியாவில் அமர்ந்திருந்த ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு அதைவிடப் பெரிய கண்ணெரிச்சல் இருந்திருக்க முடியாது. ஆயினும் வாசலைத் திறந்துவிட்டவர் வெளியார் அல்லர். சுல்தானின் மூத்த மகனே தந்தையை எதிர்த்து எழுந்து, 1682இல் கம்பனியின் படையுதவியைக் கோரினார். அவர் மக்கா சென்று திரும்பியவர். வரலாறு அவரைச் சுல்தான் ஹாஜி என்றே அழைக்கிறது. ஹாஜிப் பட்டம் பெற்ற மகன் அரியணையைப் பெற்றார்; கம்பனி மிளகின் தனியுரிமையைப் பெற்றது. ஏனைய ஐரோப்பியர் துறைமுகத்திலிருந்து துரத்தப்பட்டனர். இதனை மதங்களுக்கிடையிலான போராக மட்டும் சித்திரிப்போர் இந்தத் தந்தை-மகன் பகையைச் சௌகரியமாக மறந்துவிடுகின்றனர்.

முதிய சுல்தான் 1683இல் பிடிபட்டார். யூசுப் சரணடையவில்லை. அறுபதை நெருங்கிய அந்த அறிஞர் இளவரசர் புர்பாயாவுடன் சேர்ந்து, மக்காஸரியர், பூகியர், ஜாவகர் கலந்த சில ஆயிரம் பேருடன் சுண்டா மலைநாட்டினூடே பின்வாங்கிப் போரிட்டார். ஓராண்டுக்குள், 1683 டிசம்பரில், அவரும் கைதானார். பத்தாவியாவில் அவரைக் காண மக்கள் திரண்டதைக் கண்ட கம்பனி, அவரை அங்கு வைத்திருப்பது ஆபத்தென முடிவு செய்தது. 1684 செப்டெம்பரில் மனைவியர், பிள்ளைகள், பன்னிரண்டு சீடர்கள் ஆகியோருடன் அவர் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டார்.

மிளகுக்காகப் பாந்தனைப் பிடித்த அதே கம்பனி, கறுவாவுக்காக இலங்கையின் கரையோரத்தைப் பிடித்துவைத்திருந்த காலம் அது. சோனகர்மீது கட்டாய ஊழியம் சுமத்தப்பட்டிருந்தது. அவர்களது குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் தடைகள் இருந்தன. கத்தோலிக்கரின் நிலையும் அத்தகையதே. 1687இல் இந்தியக் கோவாவின் யோசேப் வாஸ் அடிகளார் வேடம் மாறி யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அந்தக் கோவாவிலிருந்து வந்தவர் மறைந்து வந்தார், இந்தக் கோவாவில் பிறந்தவர் கைதியாய் வந்தார். இருவரும் ஒரே ஆட்சியின் கீழ், ஒரே ஆண்டுகளில், இத்தீவில் தத்தம் சமயத்தைப் போதித்தனர் என்பது எம்மை வியக்கவைக்கிறது.

கம்பனியின் கணக்கு எளிமையானது. கடலுக்கு அப்பால் வைத்துவிட்டால் குரு இல்லாமற்போவார். அவர்கள் கவனிக்கத் தவறியது இலங்கை இருக்கும் இடத்தை. தென்கிழக்காசியாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் ஹாஜிகள் போகும்போதும் வரும்போதும் தங்கும் கரை இது. அவ்வாறு வந்தவர்கள் ஷெய்க்கைத் தேடிச் சென்று பாடம் கேட்டனர். அவர் எழுதிய கிதாபுகளின் பிரதிகளையும் கடிதங்களையும் பாந்தனுக்கும் மக்காஸருக்கும் எடுத்துச் சென்றனர். இந்தியாவிலிருந்து வந்த ஆலிம்களும் அவரோடு அளவளாவினர். எதிர்க்கரையில் கீழக்கரையின் வள்ளல் சீதக்காதியும் ஸதக்கத்துல்லாஹ் அப்பாவும் வாழ்ந்த காலமும் இதுவே. அரபுக் கல்வி பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் செழித்திருந்த தலைமுறை அது.

இக்காலத்தில் அவர் அரபு மொழியில் எழுதியவற்றுள் ஒன்றின் பெயர் 'அந்நப்ஹதுஸ் ஸைலானிய்யா'. ஸைலான் என்பது நம் நாடு. அவரைப் போர்வீரராக மட்டும் போற்றுவோர் இவ்வெழுத்துகளைப் பார்ப்பது நல்லது. ஷரீஅத்தைக் கைவிட்ட ஆன்மீகம் பயனற்றது, ஆன்மீகமற்ற சட்டப்பற்று உயிரற்றது, பிறரைப் பற்றி நல்லெண்ணம் கொள்வது கடமை என்பனவே அவற்றின் சாரம். நாட்டையும் நண்பரையும் இழந்த ஒருவர் நல்லெண்ணத்தை வலியுறுத்துவது எளிதானதல்ல.

ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின்னர் கம்பனி தன் தவறை உணர்ந்தது. இலங்கையும் போதிய தூரமன்று என்று கண்டு, அறுபத்தேழு வயதான அவரை மீண்டும் கப்பலேற்றியது. 1694 ஏப்ரல் 2ஆம் திகதி, குடும்பத்தார், சீடர்கள் உட்பட 49 பேருடன் அவர் நன்னம்பிக்கை முனையை அடைந்தார். கேப்டவுனில் இருந்த அடிமைகளுடன் தொடர்பு ஏற்படாதிருக்க, நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் வைக்கப்பட்டார். அவ்விடம் இன்று மக்காஸர் என்றே வழங்குகிறது. 1699 மே 23இல் அங்கேயே காலமானார். கோவா மன்னரின் வேண்டுதலின் பேரில் அவரது எச்சங்கள் 1705இல் தாயகம் கொண்டுசெல்லப்பட்டு லாக்கியுங்கில் அடக்கப்பட்டதாக மக்காஸர் மக்கள் கூறுவர். கேப் மக்களோ அவர் இன்னும் தம்மிடமே இருப்பதாக நம்பி, அங்கும் ஸியாரத் செய்கின்றனர்.

இந்தோனேசியா 1995இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. தென்னாபிரிக்கா 2005இல் தன் உயரிய அரச விருதொன்றை அவருக்கு அளித்தது. அந்நாட்டு முஸ்லிம்கள் தம் சமூக வரலாற்றை அவரிலிருந்தே தொடங்குகின்றனர். அவ்விரு நாடுகளுக்கும் இடையில், அவர் அதிகம் எழுதிய பத்தாண்டுகள் இலங்கைக்குரியவை. அந்த எழுத்துகளின் கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்க விரும்பும் இலங்கை மாணவர் இன்று ஜகார்த்தாவின் தேசிய நூலகத்துக்கோ ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்கோதான் செல்ல வேண்டியிருக்கிறது.