கல்லெழுத்தைத் தேடித் திரிந்த கேப்டன் ஜேம்ஸ் லோ



சூலை மாதம் வந்தால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு நம்ம பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்துப் போகிறோம். மதம் பார்ப்பதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், வேண்டுதல் செய்கிறோம், வரும் வழியில் பலகாரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். அந்தக் கோயில் வளாகத்திலேயே ஒரு பெரிய கருங்கல் பாறை இருக்கிறதே, அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்ததுண்டா? பார்த்திருந்தால் அதில் தேய்ந்துபோன எழுத்துகள் தெரிந்திருக்கும். செரோக் தோக்குன் கல்வெட்டு என்று அதற்குப் பெயர். ஏறக்குறைய 1500 ஆண்டுகளுக்கு முந்தியது. நம்ம தென்னாட்டுப் பல்லவ எழுத்து வகையைச் சேர்ந்தது. 1845இல் அதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரி. அவர் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன், கேளுங்க.

ஜேம்ஸ் லோ 1791இல் ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தவர். இருபத்தோரு வயதில், 1812இல், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் பினாங்குக்கு வந்துவிட்டார். கம்பெனி உத்தியோகஸ்தர்களில் பலர் பங்களாவும் குதிரையுமாகப் பொழுதைக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. இந்த மனிதர் மட்டும் மலாய் படித்தார். அதோடு நில்லாமல் சயாம் மொழியையும் படித்தார். சும்மா பேசப் படிக்கவில்லை. சயாம் மொழிக்கு ஓர் இலக்கண நூலே எழுதி, 1828இல் கல்கத்தாவில் அச்சாக்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் கெடாவின் நிலைமை பரிதாபமானது. 1821இல் சயாம் படை உள்ளே புகுந்தது. ஊர்கள் எரிந்தன. சுல்தான் பினாங்கில் தஞ்சம் புகுந்தார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூடா ஆற்றைக் கடந்து, இன்று செபராங் பிறை என்று நாம் சொல்லும் பகுதிக்கு ஓடி வந்தன. அந்தப் பகுதியும் 1800 வரை கெடாவின் மண்தான். சுல்தானிடமிருந்து கம்பெனி வாங்கிக்கொண்ட கரைநிலம். மொழி தெரிந்தவர் என்பதால் லோவைத் தூது அனுப்பினார்கள். 1824இல் லிகோர் ராஜாவைப் பார்க்கப் போனார், காரியம் கைகூடவில்லை. 1826இல் பேராக்குக்குப் போய் சுல்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தார். கொடுத்த அதிகாரத்துக்கு மேலே போய்விட்டார் என்று மேலிடம் அவரையே கண்டித்தது. தூது வேலை அதோடு முடிந்தது. செபராங் பிறையை நிர்வகிக்கும் பொறுப்பில் பல ஆண்டு கிடந்தார். அப்படிக் கிடந்ததுதான் நமக்கு நல்லதாகப் போயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனென்றால் அங்கேதான் அவர் கல்லைத் தேட ஆரம்பித்தார். 1834இல், ஒரு பழைய பௌத்தக் கட்டடத்தின் இடிபாட்டருகே, எழுத்துப் பொறித்த கற்பலகை ஒன்று அவர் கையில் கிடைத்தது. நடுவில் ஒரு ஸ்தூபியின் உருவம், அதைச் சுற்றி வடமொழி வரிகள். லோவால் அதைப் படிக்க முடியவில்லை. ஆனாலும் வீசிவிடவில்லை. கல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ரக்தம்ருத்திகை என்ற ஊரைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் கப்பல் தலைவன், கடற்பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று செய்த வேண்டுதல் அது. அவனுக்கு அதில் இருக்கும் பட்டம் மகாநாவிகன். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் தகப்பனார் மாநாய்கன் என்று படித்திருப்பீர்களே, அதுவும் இந்தப் பட்டம்தான் என்று அறிஞர் சொல்வர்.

பிறகு மூடா ஆற்றுக்கு அந்தக் கரையில், கெடா மண்ணிலுள்ள புக்கிட் மெரியாமில், செங்கல் கட்டடம் ஒன்றின் இடிபாட்டில் இன்னொரு எழுத்துப் பலகையைக் கண்டார். இதைக் கவனமாகக் கேளுங்க. அந்தப் பலகை இன்று எங்கும் இல்லை, காணாமல் போய்விட்டது. அதில் பௌத்தச் சுலோகம் இருந்தது, அதன் காலம் இன்னது என்று இன்றைக்கு ஆராய்ச்சியாளர் எழுதுகிறார்களே, எப்படி? லோ எடுத்துவைத்த நகலை வைத்துத்தான். கல் போய்விட்டது, காகிதம் நின்றுவிட்டது.

நம்ம ஜெராய் மலைக்கும் அவர் கண் போயிற்று. மலையடிவாரக் காடுகளில் கோயில் இடிபாடுகள் கிடப்பதை எழுதி வைத்தார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே குடியிருந்த அடையாளம் இவை என்றும் சொன்னார். கடாரம் என்று நம்ம முன்னோர் பாடியதும், 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்ததும் இந்தப் பூமிக்குத்தான் என்பதெல்லாம் பிற்காலத்தார் தெளிவாக்கிய சங்கதி. லோவுக்கு அந்தச் செய்தி தெரிந்திருக்க நியாயமில்லை. கல் கிடக்கிறது என்பது தெரியும், அதை எழுதிவைத்தார்.

கல் மட்டுமா? கெடாவின் பழங்கதையான மெரோங் மகாவங்சத்தை மலாயிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1849இல் வெளியிட்டவரும் இவரே. கோரைப்பல் முளைத்த ராஜா பெர்சியோங் கதை அதில்தான் வருகிறது, பிள்ளைகளுக்குத் தெரியும்.

லோவை நான் மகான் ஆக்கவில்லை. கம்பெனிக்குச் சம்பளத்துக்கு உழைத்தவர். ஊகித்துச் சொன்னதில் பல தவறாகவும் போயின. அவர் அனுப்பிய புத்தகுப்தன் கல் இன்றும் கல்கத்தா அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கெடாப் பிள்ளைகள் அதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டும். ஆனால் அனுப்பாமல் விட்டிருந்தால்? மூடா ஆற்றுக்குத் தென்புறம் குவார் கெப்பாவில் நடந்ததைக் கேட்டால் புரியும். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் செத்தவர்களைச் சிப்பிக் குவியலுக்குள் புதைத்த இடம் அது. 1860இல் ஏர்ல் என்ற அதிகாரி அங்கே தோண்டிப் பார்த்தபோது, சுண்ணாம்பு சுடுகிறவர்கள் சிப்பியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேருடைய எலும்பு சூளைக்குள் போயிற்றோ! 2017இல் அங்கே மறுபடி ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது, ஏதோ நம்ம அதிர்ஷ்டம்.

லோ காட்டிய தடத்தில் பின்னால் குவாரிச் வேல்ஸ் என்ற அறிஞர் மனைவியோடு வந்து, 1936-37இல் பூஜாங் பள்ளத்தாக்கில் முப்பது இடங்களைப் பதிவு செய்தார். அவற்றில் சில இடங்கள் நம்ம ஜனங்கள் பால் வெட்டிய கித்தாக் காட்டுக்குள்ளேயே இருந்தன. பீடோங் பக்கம் சுங்கை பத்துத் தோட்டத்தில் உடைந்த விநாயகர் சிலை கிடைத்தது. லயத்தில் இருந்துகொண்டு பிள்ளையார் கும்பிட்டவர்களின் காலடியிலேயே ஒரு பழைய பிள்ளையார்! 1960 வாக்கில் புக்கிட் பத்து பகாட் கோயிலைக் கல் கல்லாகச் சேர்த்து நிறுத்தினார்கள். மெர்போக்கில் 1980இல் அருங்காட்சியகமும் வந்தது.

ஆனால் 2013இல் என்ன ஆயிற்று? வேல்ஸ் எண் போட்டுவைத்த 11ஆம் கோயிலை, வீடமைப்புக்கு நிலம் சமப்படுத்தியவர்கள் இயந்திரம் விட்டுத் தள்ளிவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற அடித்தளம். அந்த இடம் அரசிதழில் பதிவாகவில்லை. அதனால் காப்பார் இல்லை. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடுகளுக்கும் மாறிவிட்ட இந்தக் காலத்தில், மண்வெட்டியில் தட்டுப்படும் ஒரு பழைய செங்கல்லை முதலில் பார்க்கிறவர் பேராசிரியர் அல்ல, இயந்திரம் ஓட்டுகிறவர்தான். வேலைக்குப் போகிற அண்ணன்மாரே, உருண்டைப் பாறையில் கோடு தெரிந்தால், செங்கல் வரிசையாகத் தெரிந்தால், வண்டியை நிறுத்திவிட்டு மெர்போக் அருங்காட்சியகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்க. கைபேசியில் படமும் பிடித்து வையுங்க. லோவிடம் அது இல்லை. கையாலேயே நகல் எடுத்தார்.

அவர் 1852இல் ஸ்காட்லாந்தில் காலமானார். புத்தகுப்தன் பலகையின் சரியான வாசகம் அவர் கண்ணில் படவே இல்லை. கல்கத்தாவில் முதலில் படித்தவர்கள் தடுமாறினார்கள். அவர் இறந்து பல ஆண்டு கழித்துத்தான் கெர்ன் என்ற டச்சு அறிஞர் அதைத் திருத்தமாகப் படித்தார். ரக்தம்ருத்திகை என்றால் செம்மண். அது எந்த ஊர் என்று வெகுகாலம் தேடினார்கள். 1962இல் மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத் பக்கம், ராஜபாடிடாங்கா என்ற மேட்டைத் தோண்டியபோது, அந்த ஊர்ப் பௌத்த மடத்தின் பெயர் பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது. நம்ம மூடா ஆற்றங்கரை வரைக்கும் வந்த கப்பல் தலைவனின் சொந்த ஊர் அதுதான்.