கர்னல் கில்லெஸ்பி

ஆர்க்காட்டினின்று நம் சத்துவாச்சாரியைக் கடந்து வேலூர் செல்லும் பெருஞ்சாலையில் நாள்தோறும் பல்லாயிரவர் போக்குவரவு செய்கின்றனர். 1806ஆம் வருஷம் ஜூலை மாதம் 10ஆம் நாட்காலை, ஆர்க்காட்டிலிருந்து வேலூர்க் கோட்டையை நோக்கிக் குதிரையை விரைந்து செலுத்திய ராலோ கில்லெஸ்பியின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

அவர் 1766இல் அயர்லாந்து தேசத்துக் கோம்பர் என்னும் ஊரிற் பிறந்தவர். பதினேழாம் வயதிற் குதிரைப்படையிற் சேர்ந்தார். இயல்பிலே முன்கோபி. இருவர் தனித்துச் சுடும் போரில் ஒருவனைக் கொன்று, நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்டு விடுதலை பெற்றார். மேற்கிந்தியத் தீவொன்றில் தம் வீட்டினுள் புகுந்த எண்மரைத் தனியராய் எதிர்த்து அறுவரை வாளால் வீழ்த்தினார் என்பர். பின்னர் இந்தியாவுக்கு வந்து ஆர்க்காட்டுக் குதிரைப்படைக்குத் தலைவராயினார்.

அக்காலத்து வேலூர்க் கோட்டையில் 69ஆம் ஆங்கிலக் காலாட்படையினர் சிலரும், சென்னைக் காலாட்படையின் 1ஆம், 23ஆம் ரெஜிமெண்டுகளைச் சார்ந்த சிப்பாய்களும் காவலிருந்தனர். திப்பு சுல்தானின் மக்கள் அங்கேயே சிறையிருந்தனர். சிப்பாய்கள் நெற்றிக்குறி இடலாகாது, தாடி வைத்தலாகாது, புதுமாதிரித் தலைப்பாகை அணிதல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. அத்தலைப்பாகையில் தோலால் ஆகிய ஓர் அணி இருந்தது. தோல் பதனிடுதலையே பிழைப்பாகக் கொண்டார் பலர் வாழும் நம் சீமையில், ஒரு துண்டுத் தோலுக்கு இத்துணைக் கலகமா என்று சிலர் நகைக்கலாம். அது எவ்விலங்கின் தோலோ என்னும் ஐயமே அவர்கள் நெஞ்சை அறுத்தது. தங்களைப் பலவந்தமாய்க் கிறிஸ்தவராக்க இது சூழ்ச்சியென்றும் அஞ்சினர். ஆணையினாலும் அச்சத்தினாலும் வரும் கிறிஸ்தவத்தை எந்தக் கிறிஸ்தவன் விரும்புவான்? மறுத்தவர்க்குக் கசையடியே விடையாயிற்று.

ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, தம் தலைவரையும் உறங்கிக்கிடந்த வெள்ளையர் நூற்றுவர்க்கு மேற்பட்டாரையும் கொன்றனர். செய்தி ஆர்க்காட்டை எட்டியதும் கில்லெஸ்பி சிறிதும் தாமதியாது, கையிற் கிடைத்த வீரருடன் புறப்பட்டார். தம்மவரையும் முந்திக்கொண்டு கோட்டையை அடைந்தார். மருந்தும் குண்டும் தீர்ந்து மதில்மேல் தத்தளித்துநின்ற சுமார் அறுபதின்மர் அவரை மேலே தூக்கிவிட்டனர். பீரங்கிகள் பின்வந்து சேரும்வரை அச்சிலரையே கொண்டு இடத்தைக் காத்தார். பின்பு பீரங்கியாற் கதவைத் தகர்க்க, குதிரைவீரர் உள்ளே பாய்ந்தனர். சில நாழிகையில் எல்லாம் முடிந்தது.

முடிந்தபின் நடந்ததே கொடிது. அரண்மனையுட் புகலடைந்த நூறு சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். அப்பொழுது அங்கே தலைவராயிருந்தவர் கில்லெஸ்பியே. மதிலேறிய துணிவை வியவாதார் யார்? ஆயினும் அடைக்கலம் புக்காரைக் கொன்றதையும் அத்துணிவின் கணக்கிலே சேர்க்க எம் மனம் ஒருப்படவில்லை.

கும்பினியார் அந்தத் தலைப்பாகைக் கட்டளையைக் கைவிட்டனர். கவர்னர் பெண்டிங்கையும் சேனாதிபதி கிராடக்கையும் 1807இல் திரும்ப அழைத்துக்கொண்டனர். கலகஞ்செய்த பட்டாளங்களைக் கலைத்து, அவற்றின் எண்களையும் படைப்பட்டியலினின்று அழித்தனர்.

கில்லெஸ்பி 1811இல் ஜாவாவில் கார்னெலிஸ் கோட்டையைப் பிடிப்பதில் முன்னின்றார். 1814 அக்டோபர் 31இல் டேராடூன் அருகே கலங்கா என்னும் சிறு மலைக்கோட்டையைத் தாக்குகையில், கூர்க்கர் குண்டு மார்பிற் பாய்ந்து மாண்டார். ஆங்கே ஆங்கிலேயர் இரண்டு தூண்கள் நாட்டினர்: ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு மடிந்தார்க்கும்; மற்றொன்று எதிர்த்துநின்ற பலபத்திரனுக்கும் அவன் கூர்க்கருக்கும். வேலூர்ச் சிப்பாய்களுக்கு அவர்கள் எத்தூணும் நாட்டவில்லை. இருநூறு வருஷம் கழிந்தபின், 2006இல், இந்திய அரசாங்கம் அக்கிளர்ச்சியின் நினைவாகத் தபால்தலை ஒன்று வெளியிட்டது.