உள்ளத்தின் ஆழம் கண்ட கிரீந்திரசேகர் போஸ்

பச்சைமலை அடிவாரத்து நம் அரும்பாவூரில், வாகைக் கட்டைக்குள் தெய்வ உருவத்தைக் கண்டு, வேண்டாத மரத்தை நீக்கி அதனை வெளிக்கொணரும் சிற்பிகள் வாழ்கின்றனர். மனிதருக்குள்ளும் அவர்தாமே அறியாத உருவங்கள் உறைகின்றன எனக் கண்டு, அவற்றை வெளிக்கொணர்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் வங்கத்து அறிஞர் கிரீந்திரசேகர் போஸ்.

1887ஆம் ஆண்டு பிறந்த அவருடைய தந்தையார் தர்பங்கா அரசரின் திவானாக விளங்கியவர். கல்கத்தாவில் மருத்துவம் பயின்று 1910இல் பட்டம் பெற்ற போஸ், அறிதுயிற்கலையிலும் தேர்ச்சி உடையவர். உடலில் நோய்க்காரணம் ஏதும் புலப்படாமலேயே துன்புறுவோர் பலரைக் கண்டார்; காரணத்தை உள்ளத்தில் தேடினார். வியன்னா நகரத்து சிக்மண்ட் ஃபிராய்டின் கொள்கை அவருக்கு வழிகாட்டிற்று.

அக்கொள்கையின் அடிப்படைகள் சில. மனத்தின் பெரும்பகுதி நம் நனவுக்கு எட்டாதது. குழந்தைப் பருவத்துப் பட்டறிவு வாழ்நாள் முழுதும் நம்மை இயக்குகிறது. ஏற்கவொண்ணாத விருப்பங்களை மனம் அமுக்கி வைக்கிறது. அமுக்கப்பட்டவை அழிவதில்லை; கனவாகவும் நாப்பிழையாகவும் நோயாகவும் வேறு வேடம் பூண்டு வெளிப்படுகின்றன. ஆதலின் நோய்க்குறியும் பொருள் உடையதே.

இவ்வமுக்கம் பற்றிப் போஸ் எழுதிய ஆய்வு நூல் 1921இல் வெளிவந்தது. அதனை அவர் ஃபிராய்டுக்கு அனுப்பினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் நீடித்தது. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

எனினும் அவர் வெறும் வழிமொழிவோராக இருந்தாரல்லர். ஒவ்வொரு விருப்பத்தின் மறைவிலும் அதற்கு எதிரான விருப்பம் ஒன்று உறைகிறது என்றார். அடிக்க விழைபவனின் ஆழ்மனத்தில் அடிபடும் விழைவும் உண்டு; இரண்டையும் உணர்ந்தாலன்றி அமைதியில்லை என்பது அவர் துணிபு. தம்மிடம் வந்த இந்திய ஆடவரிடம், பெண்ணாயிருக்க விழையும் மறைவிருப்பம் ஐரோப்பியரினும் எளிதில் புலப்படுவதைக் கண்டு, அதனை ஆசானுக்கே அஞ்சாது எழுதினார். ஃபிராய்டு அவருடைய கருத்தை முழுதும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் நட்பு குன்றவில்லை. 1931இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தாலான திருமால் சிலை ஒன்று சென்றது. அச்சிலை இன்றும் இலண்டனில், ஃபிராய்டு இறுதியாக வாழ்ந்த இல்லத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

எழுத்தாளரான தமையனார் இராஜசேகர் போஸ் அளித்த இடத்தில், 1940இல் மூன்றே படுக்கைகளுடன் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கிற்று. கீதைக்கு உரை வகுத்த போஸ், சிறுவர்க்கும் கதை எழுதினார். 1953 சூன் திங்களில் மறைந்தார்.

ஃபிராய்டின் கொள்கைகளுட் பல இன்று மறுக்கப்படுகின்றன. போஸின் முடிவுகளும் அவ்வாறே ஆராயத்தக்கன. ஆனால் நூல் சொல்வதும் தம்முன் அமர்ந்த மனிதர் சொல்வதும் மாறுபட்டபோது, அவர் மனிதரின் பக்கம் செவிசாய்த்தார். பிறமொழிக் கவிதைகளையும் கொள்கைகளையும் ஆர்வத்தோடு கற்கும் நமக்கும் அச்செவி வேண்டும். பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் அவரை நினைப்பது அதன் பொருட்டே.