மீட்டர் பாதை தந்த மேயோ பிரபு

மூங்கில்துறைப்பட்டில் ரெயில் நிலையம் கிடையாது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளைத்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ரெயில் பார்க்க வேண்டுமானால் திருவண்ணாமலைக்குப் போக வேண்டும். அதனால் திருவிழாக் கடையில் பொம்மை ரெயில் கண்ணில் பட்டால் போதும். அழுது அடம் பிடித்து வாங்கி விடுவார்கள்.

இரண்டு கடைகளில் இரண்டு ரெயில் வாங்கிய வீட்டில் சண்டைதான். அண்ணன் ரெயில் தம்பியின் தண்டவாளத்தில் ஓடாது. ஒன்று அகலம், இன்னொன்று குறுகல்.

இதே சண்டை நம் நாட்டின் நிஜ ரெயிலுக்கும் வந்தது. ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகள் நீடித்தது. அதற்கு வித்திட்டவர் ஒரு வைசிராய். அவர் பெயர் மேயோ பிரபு.

பஞ்சம் பார்த்தவர்

மேயோ பிரபு 1822-ம் ஆண்டு பிப்ரவரி 21-ந் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். ரிச்சர்டு பர்க் என்பது இயற்பெயர். அவர் இளைஞராக இருந்தபோது அயர்லாந்தில் கொடிய பஞ்சம் வந்தது. உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் போயிற்று. லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தார்கள். ரிச்சர்டு நிவாரண வேலையில் இறங்கினார். பிறகு பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். அயர்லாந்தின் தலைமைச் செயலாளர் பதவி அவருக்கு மூன்று முறை கிடைத்தது.

1869-ம் ஆண்டு ஜனவரியில் அவர் இந்தியாவின் வைசிராயாகப் பொறுப்பேற்றார். கஜானாவைப் பார்த்தார். துண்டு விழுந்திருந்தது!

வட்டி கொடுத்த கதை

துண்டு விழ ரெயிலும் ஒரு காரணம். அதற்கு முன் ரெயில் பாதை போட்டவை இங்கிலாந்துக் கம்பெனிகள். போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டியை சர்க்கார் உறுதி செய்திருந்தது. லாபம் வராவிட்டாலும் வட்டி உண்டு. கொடுத்தது யார்? வரி கட்டிய நம் குடியானவன்தான். இப்படி இருந்தால் எந்தக் கம்பெனிக்குச் சிக்கனம் வரும்?

அந்தப் பாதைகளின் அகலம் 5 அடி 6 அங்குலம். இங்கிலாந்தில் கூட 4 அடி 8½ அங்குலம்தான். டல்ஹௌசி பிரபு காலத்தில் முடிவான அளவு இது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856-ல் ஓடிய தென்னாட்டின் முதல் ரெயிலும் இந்த அகலப் பாதையில்தான் ஓடியது.

இனி சர்க்காரே பாதை போடும், அதுவும் மலிவாகப் போடும் என்று மேயோ தீர்மானித்தார். குறுகிய பாதைக்கு லேசான தண்டவாளம் போதும். சின்னப் பாலம் போதும். வளைவுகளிலும் எளிதாகத் திரும்பும். ஆனால் எவ்வளவு குறுக்குவது?

நான்கு பேர் கொண்ட குழு கூடியது. மூவர் 2 அடி 9 அங்குலம் என்றார்கள். ஒருவர் 3 அடி 6 அங்குலம் என்றார். மேயோ இடையில் புகுந்து 3 அடி 3 அங்குலம் என்று முடித்தார். ஒரு வரிசையில் நான்கு பேர் உட்கார வண்டி ஆறரை அடி அகலம் வேண்டும், அதில் பாதி பாதைக்குப் போதும் என்று அவர் கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள்.

அப்போது இந்தியாவில் மீட்டர் அளவையைக் கொண்டு வரவும் சர்க்கார் எண்ணியிருந்தது. மேயோ சொன்ன அளவோடு அரை அங்குலத்துக்கும் குறைவாகக் கூட்டினால் சரியாக ஒரு மீட்டர். அப்படியே வைத்து விட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 1871-ல் வந்த மீட்டர் அளவைச் சட்டம் காகிதத்திலேயே தூங்கியது. கடைக்காரர் கைக்கு மீட்டர் கோல் வந்தது 1956-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான்!

இருட்டில் பாய்ந்த கத்தி

1872-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி. கைதிகளின் தீவான அந்தமானுக்கு மேயோ போயிருந்தார். மாலையில் ஹாரியட் மலை மீது ஏறி சூரியன் மறைவதைப் பார்த்தார். இறங்கி வரும்போது இருட்டி விட்டது. கப்பலில் மனைவி காத்திருந்தார். தீப்பந்த வெளிச்சத்தில் படகுத் துறையை நெருங்கினார்.

திடீரென ஓர் உருவம் பாய்ந்தது. முதுகில் கத்தி இறங்கியது. மேயோ தண்ணீரில் விழுந்தார். சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. ஐம்பது வயது நிரம்ப இன்னும் 13 நாட்களே இருந்தன.

குத்தியவன் ஷேர் அலி அப்ரிடி என்ற பட்டாணியன். கொலைத் தண்டனை பெற்று அந்தமானுக்கு வந்தவன். அங்கே நாவிதனாக வேலை செய்தவன். மார்ச் 11-ந் தேதி அவனை வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள். மேயோவின் உடல் அயர்லாந்துக்குப் போய் அடக்கமாயிற்று.

தெற்கே வென்ற பாதை

முதல் மீட்டர் பாதை ரெயில் டெல்லிப் பக்கம் 1873-ல் ஓடியது. மேயோ அதைப் பார்க்கவில்லை. தென்னாட்டில் அந்தப் பாதை வேகமாகப் பரவியது. நாகப்பட்டினம், திருச்சி அகலப் பாதையைக் கூட 1870-களில் குறுக்கி மீட்டர் பாதையாக்கினார்கள். எழும்பூரிலிருந்து தூத்துக்குடி வரை மீட்டர் பாதை. விழுப்புரம், திருவண்ணாமலை, காட்பாடியும் அப்படித்தான்.

சிக்கனம் உண்மை. ஆனால் மேயோ மிச்சம் பிடித்த பணம் பிறகு கூலியாகப் போயிற்று என்பது என் எண்ணம். காட்பாடியில் பெரிய பாதையும் சிறிய பாதையும் சந்தித்தன. திருவண்ணாமலைப் பக்கத்து மூட்டை வடக்கே போக வேண்டுமானால் அங்கே ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். நேரம் போகும், மூட்டை கிழியும்.

அதனால் 1992-ல் எல்லாப் பாதையையும் அகலமாக்கும் திட்டம் வந்தது. சென்னையின் மீட்டர் பாதை மின்சார ரெயில் 2004-ல் நின்றது. திருவண்ணாமலைப் பாதையும் பிறகு அகலமாயிற்று.

ஊட்டி மலையில் மேயோவின் அளவு அப்படியே இருக்கிறது. சென்னையிலிருந்து பெரிய ரெயிலில் போகிறவர்கள் மேட்டுப்பாளையத்தில் பெட்டி படுக்கையோடு இறங்கி, அந்தச் சின்ன ரெயிலுக்கு மாறுகிறார்கள்.