300/190: ரூஸ்வெல்ட்டின் பிபியும் அன்று இல்லாத மாத்திரையும்

1945 ஏப்ரல் 12, மதிய நேரம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர். ஓவியர் ஒருவர் வரைந்துகொண்டிருக்க, அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் எதிரே உட்கார்ந்திருக்கிறார். திடீரென பின்மண்டையில் பயங்கர வலி என்கிறார். அப்படியே சரிந்துவிடுகிறார். டாக்டர் ஓடி வந்து பார்த்தபோது ரத்த அழுத்தம் 300/190-ஐத் தாண்டியிருந்தது. 120/80-ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண் அது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. மூளையில் ரத்தக்கசிவு. வயது 63.

ரூஸ்வெல்ட் 1882-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். 39 வயதில் போலியோ வந்து கால்கள் செயலிழந்தன. 1933-ல் அதிபரானார். நான்கு முறை அதிபர் தேர்தலில் ஜெயித்த ஒரே ஆள் இவர்தான். பொருளாதாரப் பெருமந்தம், இரண்டாம் உலகப்போர் இரண்டையும் வீல்சேரில் இருந்தபடியே சமாளித்தார். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. உள்ளுக்குள் இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

1935-ல் அவருடைய பிபி 136/78. 1937-ல் 162/98. 1941-ல் 188/105. இன்றைக்கு அந்த இரண்டாவது ரீடிங் மறுபடி வந்தாலே மாத்திரை எழுதிவிடுவார்கள். அவருக்கு எதுவும் எழுதப்படவில்லை. அவருடைய சொந்த டாக்டர் ராஸ் மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். ஆனால் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வயதானால் பிபி ஏறத்தான் செய்யும், அது உடம்புக்குத் தேவை, குறைத்தால்தான் ஆபத்து என்று அந்தக் காலத்தில் பல டாக்டர்கள் நம்பினார்கள். குறைக்க உருப்படியான மருந்தும் கையில் இல்லை.

1944 மார்ச்சில் மகள் அன்னா வற்புறுத்திய பிறகுதான் இதய நிபுணர் ஹோவர்ட் புரூன் பரிசோதித்தார். பிபி 186/108. இதயம் வீங்கி, திணற ஆரம்பித்திருந்தது. டிஜிட்டாலிஸ், உப்புக் குறைந்த சாப்பாடு, குறைவான சிகரெட், நிறைய ஓய்வு, அமைதிப்படுத்தும் மருந்து. அவ்வளவுதான் செய்ய முடிந்தது. என்ன நோய் என்று நோயாளியிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மக்களுக்குச் சொல்லப்பட்டதோ, அதிபர் நலமாக இருக்கிறார் என்பதுதான். 1944 இறுதியில் பிபி 260/150-ஐத் தொட்டது. அந்த உடம்போடுதான் 1945 பிப்ரவரியில் யால்டா போய் ஸ்டாலின், சர்ச்சிலோடு பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தார்.

அன்று இல்லாமல் போனது என்ன? பதற்றத்திலோ கோபத்திலோ பரிவு நரம்புகள் நார்அட்ரினலினையும், அட்ரினல் சுரப்பி அட்ரினலினையும் வெளியிடும். இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும், பிபி எகிறும். இந்தச் சிக்னலை நிறுத்த அந்தக் காலத்தில் ஒரே ஒரு முரட்டு வழி இருந்தது. ஆபரேஷன் செய்து, முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளையே வெட்டிவிடுவது. எழுந்து நின்றாலே மயக்கம் வரும். ரூஸ்வெல்ட்டுக்கு அது செய்யப்படவில்லை. இத்தனைக்கும் இந்தியாவின் சர்ப்பகந்தி வேர் பிபியைக் குறைக்கிறது என்று இரண்டு இந்திய மருத்துவர்கள் 1931-லேயே எழுதியிருந்தார்கள். மேற்குலகம் அதைக் கவனிக்கவே இல்லை.

அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1948-ல், அதே ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் இருந்த ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார். முதலில் அனுப்பிய இதழ் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. அட்ரினலின் வந்து பொருந்தும் ரிசப்டர்கள் ஒரே வகை இல்லை, ஆல்பா, பீட்டா என இரண்டு வகை என்பதுதான் விஷயம். பொதுவாகச் சொன்னால், ஆல்பா ரத்தக்குழாயை இறுக்கும், பீட்டா இதயத்தை முடுக்கும். சாவி இதுதான் என்றால், பூட்டின் துவாரத்தை அடைத்துவிடலாமே?

ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக் அதைத்தான் செய்தார். ஐசிஐ நிறுவனத்தில் அவர் குழு உருவாக்கிய புரோப்ரனலால் 1965-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அவர் குறிவைத்தது நெஞ்சுவலியை. பிபியும் குறைகிறது என்பதைப் பிறகு லண்டன் மருத்துவர் பிரையன் பிரிச்சர்ட் கவனித்தார். பீட்டா பிளாக்கர் துடிப்பின் வேகத்தையும் விசையையும் குறைக்கும். பிபியை ஏற்றும் ரெனின் சிறுநீரகத்தில் சுரப்பதையும் குறைக்கும். பின்னால் வந்த பிரசோசின் போன்ற ஆல்பா பிளாக்கர்கள் இறுகிய குழாயைத் தளர்த்தும். முதல் டோஸுக்குப் பிறகு சட்டென எழுந்தால் தலைசுற்றும் என்பதால், அதைப் படுக்கும் நேரத்தில் கொடுப்பார்கள்.

இந்த மாத்திரை ஒன்றே ரூஸ்வெல்ட்டைக் காப்பாற்றியிருக்குமா? கஷ்டம்தான். இன்று பிபி மட்டும்தான் பிரச்சினை என்றால், டாக்டர்கள் பெரும்பாலும் வேறு மருந்துகளில்தான் ஆரம்பிக்கிறார்கள். மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்களுக்குப் பீட்டா பிளாக்கரும் சேரும், அதுவும் சின்ன டோஸில் தொடங்கி. ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிபி நார்மல் ஆயிடுச்சே என்று திடீரென நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் மறுபடி எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.

ரூஸ்வெல்ட்டின் மருத்துவக் கோப்பு மருத்துவமனை லாக்கரில் இருந்து காணாமல் போய்விட்டது. அந்தக் கடைசி ஓராண்டில் நடந்ததை புரூன் 1970-ல்தான் மருத்துவ இதழ் ஒன்றில் எண்களோடு வெளியிட்டார். அப்போது புரோப்ரனலால் கடைக்கு வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.